கூப்பிட்டாத்தான் வருவேன்

வெயிலில் கிடந்த பிளாஸ்டிக்கின் வாசனை இன்றைக்கும் எனக்குத் தொண்டையை வறட்டிவிடும். இரண்டாம் வகுப்பில் என்னிடம் ஒரு பச்சை வாட்டர் பாட்டில் இருந்தது. கழுத்தில் மாட்டிக்கொள்ள வார் வைத்தது, மூடியே டம்ளராகவும் ஆகிவிடும். காலையில் அம்மா அதில் நிறைத்துக் கொடுக்கும் தண்ணீர் பதினோரு மணிக்கு வெதுவெதுப்பாகி, மதியத்துக்குள் அந்தப் பிளாஸ்டிக் வாசனையை முழுக்க ஏற்றிக்கொண்டுவிடும். மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பேனே தவிர, ஒரு வாய் குடிக்க மாட்டேன். ஜூலையிலிருந்து காலாண்டுத் தேர்வு நெருங்கும்வரை பள்ளிக்கூடத்தில் நான் தண்ணீரே குடித்ததில்லை.

இதைச் சொன்னதும் "ஐயோ பாவம்" என்பார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாரும் பாவப்பட வேண்டாம். தண்ணீருக்குப் பஞ்சம் இல்லை, யாரும் என்னைக் குடிக்காதே என்று தடுக்கவும் இல்லை. என்மேல் உயிரையே வைத்திருந்த இரண்டு பெண்கள் ஒருவரோடு ஒருவர் பேசாமல் இருந்தார்கள், அவ்வளவுதான் நடந்தது.

எங்கள் ஊர் ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில், முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் இருக்கிறது. அப்பா சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டினார். அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கப் போவாள். அந்தக் கொட்டையின் எண்ணெய் பட்டு அவள் விரல்நுனிகள் எப்போதும் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். நான் பத்து மாதம் பொறுக்காமல் ஏழாம் மாதமே வந்து பிறந்துவிட்டவள். அந்த அவசரத்தில் இரண்டு கால்களும் விறைத்துப் போயின, கையும் கொஞ்சம் மந்தம். இரும்புப் பட்டை வைத்த பூட்ஸைப் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்தால் நாலு எட்டு வைப்பேன். பள்ளிக்கூடத்துக் கழிப்பறையோ கட்டடத்துக்குப் பின்னால், சரளைக்கல் கிடந்த மைதானத்தைத் தாண்டி இருந்தது. யாராவது தூக்கிக்கொண்டு போனால்தான் உண்டு.

அதற்கென்று வந்தவர்தான் அஞ்சலை ஆயாம்மா. தலைமையாசிரியர் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் பேசிப் பேசி, சின்ன வகுப்புப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று சம்மதிக்க வைத்து, எங்கள் தெருவிலிருந்தே அவரைக் கொண்டுவந்து சேர்த்தார். நாற்பது வயதிருக்கும், வாய் ஓயாது, கை அதைவிட ஓயாது. மூக்குச் சிந்திவிடுவார், பென்சில் சீவித் தருவார், அழுகிற பிள்ளையை மடியில் போட்டுக்கொள்வார். என்னை இடுப்பில் தூக்கும்போதெல்லாம், "இரும்போட சேத்து நீ ஒரு மூட்ட கல்லுடி, ஒங்கப்பன் லாரியில ஏத்த வேண்டியவ" என்பார். நான் அவர் தோளில் வாயை வைத்துச் சிரிப்பேன்.

எங்கள் வகுப்பு விஜயா டீச்சர் தினமும் பெரம்பலூரிலிருந்து வந்தார். அரியலூரில் ஒரு பஸ், ஜெயங்கொண்டத்தில் ஒரு பஸ் என்று மாறி மாறி வந்தும், கஞ்சி போட்ட புடவையில் ஒரு மடிப்புக் கலையாமல் வகுப்புக்குள் நுழைவார். வயது இருபத்தைந்துதான் இருக்கும், அதுதான் அவருக்கு முதல் வேலை. "தானே செய்யட்டும்" என்பது அவர் மந்திரம். என் கையிலிருந்து பென்சில் கீழே விழுந்தால் எடுத்துத் தர மாட்டார். நானே குனிந்து, தடவி, எடுக்கும்வரை பாடத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். முப்பது பிள்ளைகளும் என்னோடு சேர்ந்து காத்திருக்கும். அப்போதெல்லாம் அவரை எனக்குப் பிடிக்காது. பென்சில் கையில் வந்ததும் ரொம்பப் பிடித்துவிடும்.

ஒருவர் தூக்கிக்கொண்டே திரிய ஆசைப்பட்டார், இன்னொருவர் நடக்கவைக்க ஆசைப்பட்டார். இரண்டும் எனக்கு வேண்டியிருந்தது. அதை அவர்கள் உட்கார்ந்து பேசியிருந்தால் அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். யாரும் அவர்களை உட்காரவைக்கவில்லை, அவர்களாகவும் உட்காரவில்லை.

ஜூன் கடைசியில் ஒருநாள், டீச்சர் சொல்லச் சொல்ல எழுதுகிற பரீட்சை வைத்தார். பத்து வார்த்தை. நான் மூன்றாவதில் நிற்கும்போது மற்றவர்கள் எட்டுக்குப் போய்விட்டார்கள். பக்கத்தில் குந்தியிருந்த ஆயாம்மாவுக்குப் பொறுக்கவில்லை. என் கையிலிருந்த பென்சிலை வாங்கி, மீதி ஏழையும் குண்டு குண்டாக அவரே எழுதிவிட்டார். நோட்டு டீச்சர் மேசைக்குப் போயிற்று.

"இது யார் எழுதினது?" என்றார் டீச்சர்.

ஆயாம்மா பெருமையாகவே எழுந்து நின்றார். "நாந்தான் டீச்சர். பாவம், புள்ளைக்குக் கை வலிக்குதுல்ல."

"அப்ப மார்க்கையும் உங்களுக்கே போட்டுடறேன். நீங்களே பாஸாகி மூணாம் கிளாஸுக்குப் போங்க."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. டீச்சர் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை, அது எனக்கு இன்றைக்குத் தெரிகிறது. முதல் வேலையில் இருக்கிற ஒரு பெண்ணின் பதற்றம் அப்படிக் குத்தலாக வெளியே வந்துவிட்டது. ஆனால் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன ஆயாம்மாவுக்கு அது எங்கே போய்த் தைத்திருக்கும் என்பதும் இன்றைக்குத் தெரிகிறது. அவர் தன் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு வராண்டாவில், தூணுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் குரல் வந்தது.

"இனிமே எனக்குக் கிளாஸுக்குள்ள வேல இல்ல. கூப்பிட்டாத்தான் வருவேன்."

எங்கள் பக்கத்தில் இது சாதாரணப் பேச்சு இல்லை. கூப்பிடாத வீட்டுக்குச் சொந்த அண்ணன் வீட்டுக் கல்யாணமென்றாலும் போகமாட்டார்கள், போனாலும் வாசலில் நின்று, "யாரு என்னய வான்னா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். கூப்பிடுவது என்றால் முறையாக, பேர் சொல்லி, முகம் பார்த்துக் கூப்பிட வேண்டும். டீச்சர் அவரை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்தாங்க" என்பார், இல்லாவிட்டால் "ஆயா" என்பார்.

அன்று சாயங்காலமே இது அம்மா மூலமாக அப்பா காதுக்குப் போயிற்று. அப்பா லாரியைக் கழுவிக்கொண்டிருந்தார். துணியைப் பிழிந்தபடி அவர் சொன்னது என் காதில் அப்படியே இருக்கிறது: "அந்தம்மாவுக்கும் இந்தம்மாவுக்கும் நடுவுல நம்ம புள்ள என்னாத்துக்கு? இன்னொரு தரம் இவளால சண்டன்னு காதுல வுழுந்துச்சு, வூட்டோட இருக்கட்டும். படிச்சது போதும்."

அப்பா சொன்னால் சொன்னதுதான். அக்காவை அப்படித்தான் எட்டாம் வகுப்போடு நிறுத்தி, அம்மாவோடு கொட்டை உடைக்க அனுப்பியிருந்தார். வீட்டில் இருப்பது என்றால் எனக்கு என்ன என்று தெரியும். பள்ளிக்குச் சேரும் முன்பு, அம்மா வேலையிலிருந்து வருகிறவரை கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு, ஜன்னலில் தெரிகிற ஒரு துண்டுச் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது நினைவிருந்தது. பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு பெஞ்சு, பக்கத்தில் ரேவதி என்றொரு தோழி, சிவப்பு மையில் "நன்று" எல்லாம் இருந்தன. இதையெல்லாம் விட்டுவிட்டு அந்தக் கட்டில் காலுக்குத் திரும்ப நான் தயாராக இல்லை.

அடுத்த வாரமே சோதனை வந்தது. பாடம் நடக்கும்போது எனக்கு முட்டிக்கொண்டு வந்துவிட்டது. விரலை நீட்டினேன். டீச்சர் கரும்பலகையை விட்டுத் திரும்பாமலே வராண்டாவுக்குக் கேட்கும்படி சத்தமாக, "இந்தாங்க ஆயா, சத்யாவுக்கு வருதாம், தூக்கிட்டுப் போங்க!" என்றார். பின் பெஞ்சில் எவனோ "ஸ்ஸ்ஸ்" என்று சத்தம் கொடுத்தான். முப்பது பிள்ளைகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்; ரேவதிகூடச் சிரித்தாள். ஆயாம்மா இடுப்பில் நான் முகத்தை மறைத்துக்கொண்டு போனேன், வந்து மணி அடிக்கிறவரை தேம்பினேன்.

அதன்பிறகு டீச்சர் ஒருநாளும் அப்படிக் கூப்பிடவில்லை. இடைவேளை மணி அடித்ததும் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு ஆபீஸ் ரூமுக்குப் போய்விடுவார். ஆயாம்மா நிலைப்படியில் வந்து நிற்பார், உள்ளே கால் வைக்க மாட்டார்.

"டீச்சர் ஏதாச்சும் சொன்னாங்களா புள்ள?"

"இல்ல ஆயாம்மா. எனக்கு வரல."

அவர் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துவிட்டுப் போவார். மணி அடித்து டீச்சர் உள்ளே வந்ததும் என் பெஞ்சுக்குப் பக்கத்தில் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காமல் கேட்பார்.

"போயிட்டு வந்துட்டியா?"

"போயிட்டேன் டீச்சர்."

இரண்டு பேரிடமும் இரண்டு பொய். ஏழு வயதில் நான் கண்டுபிடித்த சமாதான ஒப்பந்தம் அது. எனக்கு ஒன்றும் தேவைப்படாவிட்டால் அவர்கள் ஒருவரை ஒருவர் கூப்பிட வேண்டியதில்லை. கூப்பிட வேண்டியதில்லை என்றால் சண்டை இல்லை. சண்டை இல்லாவிட்டால் கட்டில் கால் இல்லை. தேவைப்படாமல் இருக்க ஒரே வழிதான் தெரிந்தது. தண்ணீரைத் தொடுவதில்லை என்று முடிவுசெய்தேன்.

முதல் சில நாள் கஷ்டமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது என்று எழுத ஆசைதான். பழகவே இல்லை. சத்துணவுச் சோறு தொண்டையில் உருண்டையாக நிற்கும். எச்சிலைக் கூட்டிக் கூட்டி விழுங்குவேன். ரேவதி மடக் மடக்கென்று குடிக்கும் சத்தம் கேட்காமலிருக்கக் காதைப் பொத்திக்கொண்டு வாய்ப்பாடு சொல்வேன். உதடு வெடித்தது. அம்மா தேங்காய் எண்ணெய் தடவிவிட்டு, "ஆடிக் காத்து" என்றாள். அப்படியும் சில நாள் மூன்று மணிக்குமேல் முட்டிக்கொண்டு வரும். தொடையை இறுக்கிக்கொண்டு, டீச்சர் கைக்கடிகாரத்திலேயே கண்ணை வைத்திருப்பேன். அவர் அதை உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பார், முள் எங்கே இருக்கிறதென்று தெரியாது. அதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமை.

நிறைந்த பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுபோனால் அம்மா கண்டுபிடித்துவிடுவாள். ஆகவே சாயங்காலம் அம்மாவுக்காக வராண்டாத் தூணோரம் காத்திருக்கும்போது, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து, ஆயாம்மா நட்டு வைத்திருந்த கறிவேப்பிலைச் செடிக்கு மொத்தத்தையும் ஊற்றிவிடுவேன். அந்தச் செடி அப்படித் தழைத்தது! சத்துணவுக் கூடத்துக்கே அதிலிருந்து கொத்துக் கொத்தாகப் போயிற்று. "என் கைராசி, எங்க வெச்சாலும் புடிச்சுக்கும்" என்று ஆயாம்மா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வரும், கூடவே பயமும் வரும்.

காலாண்டுத் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு காலை அடிவயிற்றில் வலி பிடித்தது. ஒன்றும் சொல்லாமல் பள்ளிக்குப் போனேன். இரண்டாம் பீரியடில் பல் கிட்டித்துக்கொண்டு குளிர் எடுத்தது. எழுத்து இரண்டு இரண்டாகத் தெரிந்தது. பெஞ்சில் தலையைச் சாய்த்ததும் டீச்சர் ஓடிவந்து கழுத்தில் கை வைத்தார். "அம்மாடி, அனலா கொதிக்குது!" என்று அவர் கத்தியது கேட்டது. யாரும் ஆயாம்மாவைக் கூப்பிடவில்லை. ஆனால் அந்தச் சத்தத்துக்கு அவர் நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். கூப்பிடாமல் அவர் உள்ளே வந்தது மூன்று மாதத்தில் அதுதான் முதல் தடவை. என்னை அள்ளித் தூக்கியதும் இவ்வளவு நாள் நான் கட்டிக்காத்தது எல்லாம் அவர் புடவையில் போயிற்று. சிறுநீர் போகும்போது எரிந்த எரிச்சலில் அலறினேன். அவர் புடவையைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

ஷேர் ஆட்டோவில் இருவருமாக என்னை ஜெயங்கொண்டத்துக்குக் கொண்டுபோனார்கள். ஆயாம்மா மடியில் என் தலை, டீச்சர் மடியில் இரும்புப் பூட்ஸ். வழியெல்லாம் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. டாக்டரம்மா வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, கண் இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, நேராக நிமிர்ந்து கேட்டார்.

"ஸ்கூல்ல எத்தனை தடவை யூரின் போறா?"

டீச்சர் ஆயாம்மாவைப் பார்த்தார். ஆயாம்மா டீச்சரைப் பார்த்தார்.

"இன்டர்வெல்லுக்கு நீங்கதானே கூட்டிட்டுப் போறீங்க?" என்றார் டீச்சர்.

"நீங்க அனுப்புனாத்தானே நான் கூட்டிட்டுப் போவேன்? ஒருநாளும் அனுப்பலியே. நீங்களே கூட்டிட்டுப் போறீங்கன்னுல்ல இருந்தேன்!"

"நானா? அவ தினமும் போயிட்டேன்னு சொன்னாளே..."

"எங்கிட்ட வரலன்னு சொன்னா டீச்சர்."

டாக்டரம்மா பேனாவை மேசைமேல் வைத்தார். "அப்ப மூணு மாசமா காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் இந்தப் புள்ள ஒரு தடவைகூடப் போகல. ரெண்டு பெரியவங்க கூட இருந்திருக்கீங்க. நீர்க்கடுப்பு முத்திப்போச்சு, கிட்னிக்கு ஏறியிருந்தா என்ன பண்ணுவீங்க?" என்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். கதவுக்குப் பக்கத்தில், செய்தி கேட்டு லாரியைப் பாதி வழியில் போட்டுவிட்டு வந்திருந்த அப்பா நின்றிருந்தார். அவ்வளவையும் அவர் கேட்டிருந்தார்.

ஊசி, மாத்திரை, வீடு. பத்து நாள் பள்ளிக்கூடப் பேச்சே வீட்டில் இல்லை. அப்பா என் பையை எடுத்துப் பரண்மேல் போட்டுவிட்டார், பச்சை பாட்டிலோடு. நான் பழையபடி கட்டில் காலுக்கு வந்து சேர்ந்தேன்.

முதலில் ஆயாம்மா வந்தார், தனியாக. "அந்த டீச்சருக்குப் புள்ளைங்களோட அரும தெரியல அண்ணே. என்னய உள்ளாற வுட்டிருந்தா இப்படி ஆயிருக்குமா?" என்று அழுதார். சனிக்கிழமை டீச்சர் வந்தார், தனியாக. "அவங்க பொறுப்பு எதுன்னு அவங்களுக்குத் தெரியணும் சார். ஒவ்வொரு தடவையும் கூப்பிட்டுக்கிட்டே இருக்க முடியுமா?" என்றார். அவர் கண்ணும் சிவந்துதான் இருந்தது. அப்பா இருவருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னார்.

"தனித்தனியா வந்து தனித்தனியா சொல்றீங்க. நடுவுல இருக்குறது ஒரே புள்ளதாங்க. அவ இனிமே வரமாட்டா."

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறக்க ஒருநாள் இருக்கும்போது, இருவரும் ஒன்றாக வந்து வாசலில் நின்றார்கள். டீச்சர் ஒரு குடையைப் பிடித்திருந்தார். அதில் பாதிக்குள் ஆயாம்மா விறைப்பாக, முட்டாமல் நின்றிருந்தார். அம்மா பாயை விரித்தாள். டீச்சர் கஞ்சிப் புடவையோடு தரையில் உட்கார்ந்ததும்தான் ஆயாம்மாவும் உட்கார்ந்தார். அப்பா சுவரில் சாய்ந்து நின்றுகொண்டே, "இப்ப மட்டும் எப்படிங்க சரியாவும்? சொல்லுங்க" என்றார்.

சரியாக்க வந்தவர்கள் ஐந்தாவது நிமிடத்தில் மறுபடி பிடித்துக்கொண்டார்கள். "நீங்க ஒரு வார்த்த கூப்பிட்டிருந்தா" என்று ஆயாம்மா ஆரம்பிக்க, "கூப்பிட்டேனே, ஒருநாள் கூப்பிட்டேன், என்ன ஆச்சு?" என்று டீச்சர் குரல் உயர்ந்தது. "கிளாஸே சிரிச்சுது. அவ அன்னைக்குப் பூரா அழுதா. அத்தனை பேர் முன்னாடி அதைக் கத்திச் சொன்ன என் வாயை அறுக்கணும்னு தோணுச்சு. அதனாலதான் அப்புறம் கூப்பிடல. நீங்களே வந்து சத்தமில்லாம கூட்டிட்டுப் போயிடுவீங்கன்னு நினைச்சேன்."

"அதுக்காகவா?" என்றார் ஆயாம்மா. "எம்மேல இருக்குற கோவத்துல கூப்பிடலன்னுல்ல இருந்தேன். கூப்பிடாம உள்ளாற வந்தா, அன்னைக்கு மாதிரி இன்னும் ஒண்ணு சொல்லிப்புடுவீங்களோன்னு..."

அப்பா தலையை ஆட்டினார். "பாத்தீங்களா? இதுக்குத்தான் வேணாங்கறேன்" என்று உள்ளே போகத் திரும்பினார். அப்பா திரும்பிவிட்டால் பேச்சு முடிந்தது என்று பொருள். நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன், பூட்ஸ் இல்லாமல்.

"நாந்தான் பொய் சொன்னேன்" என்றேன்.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்: டீச்சரிடம் சொன்ன பொய், ஆயாம்மாவிடம் சொன்ன பொய், குடிக்காத தண்ணீர், கறிவேப்பிலைச் செடி. செடி என்றதும் ஆயாம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா கிட்டே வந்து குந்தினார். "ஏன்டி? எங்கிட்டயாச்சும் சொல்லக்கூடாதா?"

"நீதாம்ப்பா சொன்ன. இன்னொரு தரம் என்னால சண்டன்னு கேட்டா வூட்டோட இருக்கணும்னு."

அப்பா எழுந்து வாசலுக்குப் போய், லாரி நிற்காத அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அப்போதுதான் டீச்சர் என்னிடம் கேட்டார், அதுவரை யாருமே கேட்காத ஒன்றை. "உனக்கு எப்படி வேணும் சத்யா? நீ சொல்லு."

எனக்கு வேண்டியது நிறைய இல்லை. மணி அடித்ததும் ஆயாம்மா தானாக வர வேண்டும். யாரும் கத்தக் கூடாது. எழுதும்போது என் பென்சிலைப் பிடுங்கக் கூடாது. மூன்றாவதைச் சொல்லும்போது ஆயாம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் மூக்கைச் சிந்திக்கொண்டு, "தொட மாட்டேன்டி, போ" என்றார். பிறகு டீச்சர் பக்கம் திரும்பி, தரையைப் பார்த்தபடி, "எனக்கும் ஒண்ணு இருக்கு. என்னய 'இந்தாங்க'ன்னு கூப்பிடாதீங்க டீச்சர். எங்கம்மா எனக்குப் பேர் வெச்சிருக்கு" என்றார்.

"சரிங்க்கா" என்றார் டீச்சர். பிறகு முகம் பார்த்து, "அஞ்சலக்கா" என்றார். வாசலில் நின்றபடியே அப்பா, "பரண்லேருந்து அந்தப் பையை எடு" என்று அம்மாவிடம் சொன்னார்.

பள்ளி திறந்த அன்றைக்கு அப்பாவே பச்சை பாட்டிலைக் கழுவி நிறைத்துக் கழுத்தில் மாட்டிவிட்டார். அதன்பின் எல்லாம் பாலும் தேனுமாக ஓடியது என்று நினைத்துவிடாதீர்கள். இருவரும் முன்னைவிட அதிகமாகச் சண்டை போட்டார்கள். ஆனால் நேருக்கு நேர் போட்டார்கள். பிரேயருக்கு முன்னால் ஐந்து நிமிடம், கறிவேப்பிலைச் செடிக்குப் பக்கத்தில் நின்று பேசிக்கொள்வது என்று வைத்துக்கொண்டார்கள். "இன்னைக்குக் கழித்தல் கணக்குக்கா, தப்பாப் போட்டாலும் விட்டுடுங்க, நானே பாத்துக்கறேன்" என்பார் டீச்சர். "நேத்து சாயங்காலம் அவ கால் வீங்கியிருந்துச்சு, பெஞ்சுலயே ஒக்கார வெச்சுக் கொல்லாதீங்க" என்பார் ஆயாம்மா. "நடந்தாத்தானே சரியாகும்?" "நடக்கும், மொதல்ல வீக்கம் வத்தட்டும்!" டீச்சரின் பஸ் தாமதமான நாட்களில் ஆயாம்மா செடியோரம் நின்று சாலையையே பார்த்துக்கொண்டிருப்பார். மார்ச் மாதம் நான் சுவரைப் பிடிக்காமல் பதினொரு எட்டு வைத்தேன். ஒரு முனையில் டீச்சர் கையை நீட்டிக்கொண்டு நின்றார், மறுமுனையில் ஆயாம்மா, விழுந்தால் பிடிக்க.

அந்தக் கட்டடம் இப்போது இல்லை. வராண்டா இடிந்து, செடி இருந்த இடத்தில் சாய்தளமும் கைப்பிடியும் வைத்த புதுக் கழிப்பறை வந்துவிட்டது. அதற்காக நான் கண்ணீர் விடப்போவதில்லை, நல்லதே நடந்திருக்கிறது. டீச்சர் மாற்றலாகிப் போனார். ஆயாம்மா இரண்டு வருடம் முன்பு காலமானார்; டீச்சர் பெரம்பலூரிலிருந்து வந்திருந்தார், வீட்டு மனிதர்களோடு ஒருவராகத் தரையில் உட்கார்ந்திருந்தார். காணாமல் போனது அந்த ஐந்து நிமிடம்தான்.

நான் இப்போது அரும்பாவூர்ப் பக்கம் ஒரு பள்ளியில், என்னைப் போன்ற பிள்ளைகளுக்கு ஆசிரியை. காலையில் பிரேயருக்கு முன்னால் கைப்பேசியில் வருகைப் பதிவு, படம் எடுத்து அனுப்புவது, சிக்னல் கிடைக்காமல் மைதானம் முழுக்க அலைவது என்று அந்த ஐந்து நிமிடம் எங்கே போகிறதென்றே தெரிவதில்லை. எனக்கு உதவிக்கு வனிதா என்றொரு பெண் வந்து இரண்டு மாதம் ஆகிறது. அவள் "சொல்லுங்க மிஸ்" என்பாள், நான் "பரவாயில்லங்க" என்பேன், அவ்வளவு மரியாதை. சாயங்காலம் பிள்ளைகள் கிளம்பும்போது ஒவ்வொரு பாட்டிலாகத் தூக்கிப் பார்ப்பது என் வழக்கம், எல்லோருக்கும் அது வேடிக்கையாக இருக்கும். போன வியாழக்கிழமை, அந்த வாரம்தான் புதிதாகச் சேர்ந்திருந்த யாழினியின் பாட்டில் கையில் கனத்தது. மூடி திறக்காமல், கழுத்து வரை தண்ணீர் இருந்தது.

"வனிதா, இவளை நீங்க கூட்டிட்டுப் போனீங்கதானே?"

"நீங்க சொன்னா கூட்டிட்டுப் போலாம்னு இருந்தேன் மிஸ்" என்றாள் வனிதா. "ஒருநாளும் சொல்லலியே, நீங்களே பாத்துக்கறீங்கன்னு..."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை, முழுக்க என்மேல்தான். இந்தக் கதையை உடம்பிலேயே வைத்துக்கொண்டு திரிகிறவள் நான். நானே கூப்பிடாமல் இருந்திருக்கிறேன். நிலைப்படியில் உட்கார்ந்தேன். "வனிதா, நாளைலேருந்து ஒரு பஸ் முன்னாடி வர முடியுமா? நானும் வரேன். தினமும் அஞ்சு நிமிஷம் பேசணும்" என்றேன். அவள் நின்றபடியே யோசித்தாள். பிறகு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "எனக்கும் ரெண்டு மூணு விஷயம் சொல்ல இருக்கு மிஸ்" என்றாள்.

நான் பாட்டிலின் மூடியைத் திறந்து யாழினியிடம் நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள், பிறகு வனிதாவைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். அப்புறம்தான் குடித்தாள்.